சூரியகாந்தி: வளர்க்க, ரசிக்க, புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சூரியகாந்திக் கொண்டை ஒன்று முழு அழகோடு நிற்பது 7 முதல் 10 நாள்தான். அதற்காக இரண்டு மாதம் செடியைக் கவனிக்கிறோம். வீட்டில் வளர்த்து ஏமாந்தவர்களில் பலர் செடியைச் சாகவிட்டவர்கள் அல்லர். பூ விரிந்தபோது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றிருக்கும். ஐப்பசி மழையில் விரிந்து அழுகியிருக்கும். பாக்கெட்டில் 6 அடி என்று போட்டிருந்தது 3 அடியிலேயே பூத்து முடிந்திருக்கும். மூன்றையும் விதை போடுவதற்கு முன்பே தவிர்த்துவிடலாம். அதற்குப் பூவின் சுபாவம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதலில் பூ, பிறகு மண்.

பூவுக்குள் எத்தனை பூ

தண்டின் உச்சியில் இருப்பது ஒற்றைப் பூ அல்ல, பூக்களின் கூட்டம். விளிம்பில் இருக்கும் மஞ்சள் இதழ் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அதில் விதை பிடிக்காது. தேனீயை வரவழைப்பதுதான் அதன் வேலை. நடுவட்டில் நூற்றுக்கணக்கில், பெரிய கொண்டையாக இருந்தால் ஆயிரத்துக்கும் மேல், குழல் வடிவச் சிறுபூக்கள் நெருங்கி நிற்கின்றன. விதையாக மாறுபவை இவைதான்.

பூ விரிந்த மூன்றாம் நாள் காலை 8 மணிவாக்கில் ஒரு பூதக்கண்ணாடியோடு நடுவட்டைப் பாருங்கள். வெளி ஓரத்தில் உள்ள சிறுபூக்களில் இரண்டாகப் பிரிந்து சுருண்ட சூல்முடிகள் (மகரந்தத்தை ஏற்கும் நுனிகள்) தெரியும். அதற்கு உள்வட்டத்தில் கருத்த மகரந்தக் குழல்கள் நீட்டிக்கொண்டு, நுனியில் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். மையத்தில் இன்னும் திறக்காத பச்சை மொட்டுகள். ஒவ்வொரு சிறுபூவும் முதலில் மகரந்தத்தை வெளியே தள்ளும், அதற்குப் பிறகுதான் சூல்முடியை விரிக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழுவதைக் குறைக்கும் ஏற்பாடு இது. நாளுக்கு ஒன்று முதல் நான்கு வரிசை வரை, வெளியிலிருந்து உள்ளே, மலர்ச்சி நகரும். மஞ்சள் தூள் வட்டம் மையத்தை எட்டிவிட்டது என்றால் பூ தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். வயலிலோ கடையிலோ பூவின் வயதைச் சொல்ல இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

நடுவட்டின் சுருள் வரிசைகள் தனி அழகு. வளரும் நுனியில் ஒவ்வொரு புதுச் சிறுபூவும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை தள்ளி உருவாகிறது. அந்தக் கோணத்தில் அடுக்கினால் இடைவெளி வீணாகாமல் நிறைகிறது. நம் கண்ணுக்கு இடம், வலம் என இரண்டு பக்கமும் சுழலும் சுருள்களாகத் தெரிகிறது. எண்ணிப் பார்க்க விரும்பினால் கொண்டையை நேர் எதிரே இருந்து படமெடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒரு சிறுபூவில் புள்ளி வைத்து, அதன் சுருளை மையம் நோக்கிப் பேனாவால் இழுங்கள். பிறகு ஒரே திசையில் ஒவ்வொரு சுருளாக நிறம் மாற்றி வரைந்து, தொடங்கிய புள்ளிக்கே வந்ததும் எண்ணுங்கள். மறு திசையையும் அப்படியே. நடுத்தரக் கொண்டையில் 34-ம் 55-ம், பெரியதில் 55-ம் 89-ம் கிடைப்பதுதான் வழக்கம். இவை ஃபிபொனாச்சி வரிசையில், அதாவது முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் வரிசையில், அடுத்தடுத்து வரும் எண்கள். எல்லாக் கொண்டையும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. புழு கடித்ததிலும் வளர்ச்சியில் தடை வந்ததிலும் எண் மாறும். குழந்தைகளோடு செய்ய மிக நல்ல வேலை.

எப்போது சூரியனோடு திரும்பும், எப்போது நிற்கும்

விரிந்த பூ நாள் முழுக்கச் சூரியனோடு சுற்றும் என்று பலரும் நம்புகிறார்கள். சுற்றுவது இளஞ்செடியும் மொட்டும் மட்டுமே. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக நீள்வதால் நுனி மேற்கே சாயும்; இரவில் மேற்குப் பக்கம் நீண்டு நுனியைக் கிழக்குக்குத் திருப்பிவிடும். விடியும் முன்பே செடி கிழக்கு பார்த்துக் காத்திருக்கும். தண்டு நீள்வது ஓயும்போது இந்த அசைவும் ஓய்ந்து, மலர்ந்த பூ கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் அது சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் கிழக்கு பார்த்த பூவுக்கு அதிகம் வருகின்றன என்று 2016-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இடம் தேர்வு செய்யும்போது இந்த ஒரு செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். பூ கிழக்கைப் பார்க்கும். நீங்கள் அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதற்குக் கிழக்கே நிற்க வேண்டும். ஆகவே மாடியின் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகளை வையுங்கள், பூக்கள் உங்கள் பக்கம் திரும்பி நிற்கும். கிழக்குச் சுவரை ஒட்டி வைத்தால் தெருவில் போகிறவர்களுக்குத்தான் தரிசனம். அதுவும் ஒரு நல்ல எண்ணம்தான் என்றால் அப்படியே வையுங்கள்.

தொட்டியைத் திருப்பிவிடலாமே என்று கேட்கலாம். மொட்டு விரிவதற்கு முன் திருப்ப வேண்டாம். தினமும் திருப்பிவைத்த செடிகளின் இலைப்பரப்பும் எடையும் குறைவதை அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இதழ்கள் முழுதாக விரிந்து அசைவு நின்றபிறகு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். பூ அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கும்.

மனிதர்கள் அதில் கண்ட பொருள்

சூரியனைப் பார்க்கும் பூ என்பது நமக்குப் புதிய கற்பனை அல்ல. சங்கப் பாடல்களில் அந்த இடத்தில் இருப்பது நெருஞ்சி. எழும் கதிரை எதிர்கொண்டு மலரும் நெருஞ்சிப் பூவை, வள்ளலின் மார்பை நோக்கும் புலவரின் உண்கலத்துக்கும் உவமையாக்கினார்கள். சூரியகாந்தி அப்போது இங்கே இல்லை. அது வட அமெரிக்கச் செடி. அங்குள்ள பழங்குடி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பா போனது. சூரியனைக் காதலித்துப் பூவாக மாறிய கிளைட்டி என்ற கிரேக்க நங்கையின் கதையைச் சூரியகாந்தியோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அந்தக் கதை பிறந்த காலத்தில் கிரேக்கத்திலும் இந்தப் பூ கிடையாது. வேறொரு பூவின் கதை பின்னாளில் இதற்கு ஒட்டிக்கொண்டது.

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் எண்ணெய்க்காகப் பெருமளவில் பயிரானது. கிறிஸ்தவ நோன்பு நாள்களில் விலக்கப்பட்ட கொழுப்புகளின் பட்டியலில் இந்த எண்ணெய் வராததும் அதற்கு உதவியது. உக்ரைனின் தேசிய அடையாளமாகவே இது ஆகிவிட்டது. 1996 ஜூனில், அந்நாடு தன்னிடமிருந்த அணு ஆயுதங்களை முழுவதும் கைவிட்டபோது, பெர்வோமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமெரிக்க, ரஷ்ய, உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர்கள் சேர்ந்து சூரியகாந்தி நட்டார்கள். இந்தப் பூவுக்கு மனிதர்கள் கொடுத்த அர்த்தங்களில் இதைவிடக் கனமானது வேறில்லை.

1888 ஆகஸ்டில் ஓவியர் வான்கா பிரான்ஸின் ஆர்ல் ஊரில் வரைந்த சூரியகாந்திகள், வரப்போகும் ஓவிய நண்பர் கோகனின் அறையை அலங்கரிக்க. அந்தச் சாடியில் முழுதாக விரிந்ததும் இருக்கிறது, இதழ் உதிர்ந்து விதையேறியதும் இருக்கிறது. வாடியதை எடுத்து ஒதுக்காமல் அவர் சேர்த்து வரைந்ததைக் கவனித்தவர்கள், தோட்டத்தில் இதழ் கொட்டிய கொண்டையை அவசரப்பட்டு வெட்டமாட்டார்கள்.

அண்மைக் கால அர்த்தம் ஒன்றும் உண்டு. வெளியே தெரியாத உடல், மனக் குறைபாடு உள்ள பயணிகள் கழுத்தில் சூரியகாந்தி படம் போட்ட பச்சைப் பட்டை அணியும் வழக்கம் 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி உலகமெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பார்த்தால் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் பொறுமையும் கொடுங்கள் என்று பொருள்.

முதல் படி: பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது

இந்தியாவுக்கு எண்ணெய்ப் பயிராக 1969-ல் சோவியத் ரகங்கள் வந்தன. தமிழக விவசாயிகள் மானாவாரியில் ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், இறவையில் (நீர் பாய்ச்சும் நிலத்தில்) மார்கழிப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று விதைக்கிறார்கள். அழகுக்காக வளர்ப்பவருக்குக் கணக்கு சற்று மாறும். விதைத்ததிலிருந்து பூ விரிய 50 முதல் 65 நாள் என்று வைத்துக்கொண்டு, மலரும் வாரம் அடைமழையில் விழாதபடி பாருங்கள். விரிந்த கொண்டையில் தண்ணீர் தேங்கினால் இரண்டு மூன்று நாளில் அழுகல் தொடங்கிவிடும்.

சென்னை, கடலூர், நாகை போன்ற வடகிழக்குப் பருவமழை மாவட்டங்களில் மார்கழி நடுவிலிருந்து தை வரை விதைப்பதுதான் சிறந்தது. மாசி, பங்குனியில் தெளிந்த வானத்தில் பூக்கும். ஜூன், ஜூலை விதைப்பும் நல்லதே, அக்டோபர் முதல் வாரத்துக்குள் பூத்துவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் விதைக்காதீர்கள். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் 55 நாள் ரகத்தை நவம்பர் 20 வாக்கில் போட்டு, நாற்றுகளை மழை அடிக்காத வெளிச்சமான இடத்தில் முதல் இரண்டு வாரம் வைத்திருங்கள். சித்திரையில் போடலாம், ஆனால் மாடியில் தினம் இருவேளை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

தொடர்ந்து பூ இருக்க, ஒரே நாளில் பன்னிரண்டு விதை போடாமல் 10 நாளுக்கு ஒருமுறை 4 விதை போடுங்கள்.

இரண்டாம் படி: ரகம்

தொட்டிக்கு: ‘டெட்டி பேர்’ (2 முதல் 3 அடி, பஞ்சுப்பந்து போன்ற அடுக்கு இதழ்), குட்டை ரகக் கலப்பின விதைகள். வான்கா வரைந்தவற்றிலும் இந்த அடுக்குப் பூ உண்டு. அது ஒரு மரபணு மாற்றத்தால் வருவது. சாடிக்கு வெட்ட: ‘சன்ரிச்’, ‘ப்ரோகட்’. ஒற்றைத் தண்டு, ஒற்றைப் பூ, மகரந்தம் கொட்டாது, மேசைத்துணி கறைபடாது. செடி நிறையப் பூ வேண்டுமென்றால் கிளைக்கும் ரகங்கள்: செம்பழுப்பு நிற ‘வெல்வெட் குயின்’, பல நிறக் கலவையான ‘ஆட்டம் பியூட்டி’. தரையில் உயரமாக வளர்க்க ‘மாமத் ரஷ்யன்’. தேனீக்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று நினைத்தால் மகரந்தமில்லாத ரகத்தோடு மகரந்தமுள்ள நான்கு செடியாவது சேர்த்து வையுங்கள்.

பாக்கெட்டில் போட்ட உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்த எண்ணிக்கை நீண்ட கோடைப் பகல் உள்ள நாடுகளில் எடுத்தது. நம் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 11½ மணியிலிருந்து 13 மணிக்குள்தான். பகல் நீளத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும் ரகங்கள், சன்ரிச் வகை உட்பட, இங்கே சீக்கிரம் மொட்டு விட்டுக் குட்டையாகவே நின்றுவிடும். இது உங்கள் பராமரிப்பின் குறை அல்ல. அத்தகைய ரகத்தை மார்கழியில் போடாமல் ஏப்ரல் முதல் ஜூலைக்குள் போட்டால் உயரம் கொஞ்சம் கூடும்.

மளிகைக்கடையில் வாங்கும் தோல் உரித்த பருப்பும் வறுத்த விதையும் முளைக்காது. பறவைத் தீவனக் கடையின் தோலுள்ள பச்சை விதை முளைக்கும். என்ன ரகம் என்றுதான் தெரியாது.

மூன்றாம் படி: தொட்டியும் மண்ணும்

குட்டை ரகத்துக்கு 10 அங்குலத் தொட்டியில் ஒரு செடி. 4 அடிக்கு மேல் போகும் ரகத்துக்கு 20 லிட்டர் பிடிக்கும், குறைந்தது 15 அங்குல ஆழமுள்ள பை. ஆணிவேர் நேராக இறங்கும் செடி, ஆழம் குறைந்தால் காற்றில் நிற்காது. அகலமான, ஆழமற்ற தட்டுத்தொட்டி இதற்கு உதவாது.

20 லிட்டர் பைக்கு: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு 1 பங்கு, வேப்பம் புண்ணாக்கு 50 கிராம். கலந்து, நனைத்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள். புண்ணாக்கு கலந்த அன்றே விதைத்தால் முளை கருகும். நனைந்த பை ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும். தளத்தின் நடுவே குவிக்காமல் சுவரை ஒட்டி வரிசையாக, இரண்டு செங்கல்மேல் வையுங்கள். தளத்தின் சூடு நேரே வேருக்கு ஏறாது, தண்ணீரும் வடியும். தரையில் என்றால் ஓர் அடி ஆழம் கொத்திவிட்டால் போதும். களிமண்ணாக இருந்தால் பார் எடுத்து மேட்டில் விதையுங்கள்.

வெயில் நேரடியாக 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தண்டு வெளிச்சம் தேடி நீண்டு, கொண்டையின் பாரம் தாங்காமல் மடியும்.

நான்காம் படி: விதைப்பது

விதையை இரவு முழுக்க ஊறப்போட வேண்டியதில்லை. 4 மணி நேரம் போதும், நேரம் கூடினால் அழுகும். மண்ணை முதலில் நனைத்துவிட்டு, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒரு குழிக்கு இரண்டு விதை. மேலாகப் போட்டால் முளை வரும்போது விதைத்தோல் கழலாமல் விதையிலையைக் கவ்விக்கொண்டே நிற்கும். அப்படி நின்றால் பிய்க்காதீர்கள். இரண்டு சொட்டு தண்ணீர் விட்டு அரை மணி கழித்து விரலால் மெல்லத் தள்ளினால் கழன்றுவிடும்.

மூங்கில் குச்சியை விதைக்கும் அன்றே ஊன்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் குத்தினால் வேர் அறுபடும்.

4 முதல் 7 நாளில் முளைக்கும். முளைத்த அன்றைக்கே அணிலும் மைனாவும் விதையிலையைக் கிள்ளிப்போகும்; எறும்பு விதையையே இழுத்துக்கொண்டு போகும். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை மூடியில்லாமல் கவிழ்த்துவைத்தால் பத்து நாள் காவல். விதையிலைக்குப் பிறகு வரும் உண்மையிலை நான்கு வந்ததும் நோஞ்சானைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் நல்ல செடியின் வேரும் அசையும். நாற்றை இடம் மாற்றி நடுவது இந்தச் செடிக்கு ஒத்துவராது. தட்டில் முளைக்கவைத்தே ஆக வேண்டுமென்றால் 10-ம் நாளுக்குள் மண்கட்டி உடையாமல் மாற்றிவிட வேண்டும்.

தரையில் இடைவெளி கொண்டையின் அளவைத் தீர்மானிக்கும். 15 சென்டிமீட்டரில் நெருக்கி விதைத்தால் சாடிக்கு ஏற்ற சிறு பூ. 60-க்கு 30 சென்டிமீட்டர் என்பது வயல் கணக்கு. பெரிய கொண்டை வேண்டுமென்றால் நாலாபுறமும் 60 விடுங்கள்.

ஐந்தாம் படி: மொட்டு வரைக்கும்

20-ம் நாள் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், 35-ம் நாள் இன்னொரு முறை, கூடவே ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பல். 15 நாளுக்கொருமுறை பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். யூரியா ஆசை வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் இலை யானைக்காதாக விரியும், தண்டு நீர்கோத்து மென்மையாகும், பூ தள்ளிப்போகும்.

தண்ணீரை வேரில் காலையில் ஊற்றுங்கள். 20 லிட்டர் பைக்குச் சாதாரண நாளில் 1 லிட்டர், கோடையில் 2 லிட்டர். நண்பகலில் இலை தொங்குவது சகஜம், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையில் எழுந்து பார்க்கும்போதும் தொங்கினால் மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விடுங்கள்: காய்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை, ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. ஈரமாக இருக்கும்போது மேலும் ஊற்றிச் செடியைக் கொல்வதுதான் அதிகம் நடப்பது. நடுவில் பச்சை நட்சத்திரம்போல மொட்டு தெரியும் பருவம், பூக்கும் பருவம், விதை பால்பிடிக்கும் பருவம் ஆகிய மூன்றிலும் ஒரு நாள்கூட வாடவிடாதீர்கள்.

கிளைக்கும் ரகத்தில் நான்கைந்து அடுக்கு இலை வந்ததும் நுனி கிள்ளினால் பக்கக்கிளை கூடும். ஒற்றைத் தண்டு ரகத்தில் கிள்ளினால் பூவே போய்விடும். பாக்கெட்டைப் படிக்காமல் கைவைக்க வேண்டாம். குச்சியோடு கட்டும்போது ஓர் அடிக்கு ஒரு கட்டு, கயிற்றை எட்டு வடிவில் சுற்றி, விரல் நுழையும் தளர்வோடு. ஆடிக்காற்றில் இறுகக் கட்டிய செடி கட்டிய இடத்திலேயே ஒடியும்.

இதழ் விரியத் தொடங்கும் நாளில் லிட்டருக்கு 2 கிராம் வெண்காரம் (போரான் சத்துள்ள போராக்ஸ்) கலந்து கொண்டையில் ஒருமுறை தெளித்தால் விதை நன்றாகப் பிடிக்கும். போரான் சத்து குறைந்தால் கொண்டை கோணலாகும், விதை பதராகும். அளவு கூடினால் இலை ஓரம் கருகும், ஆகவே அளந்து போடுங்கள். அழகுக்கு மட்டும் வளர்ப்பவர்கள் இதை விட்டுவிடலாம்.

என்ன கெடும், ஏன்

இலை ஓரம் மஞ்சளாகிக் கிண்ணம்போலக் குவிந்தால் அடியில் பச்சைத் தத்துப்பூச்சி இருக்கும். நுனியில் வெள்ளையாக அப்பினால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதிசோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். மாலையில், இலையின் அடிப்புறம் நனைய, வாரம் ஒருமுறை. பூ விரிந்தபிறகு கொண்டையில் எதுவும் அடிக்காதீர்கள், தேனீ சாகும்.

இலையில் கரும்பழுப்பு வட்டப் புள்ளிகள் மழைக்காலத்தில் கீழிருந்து மேலே ஏறினால் இலைக்கருகல். அந்த இலைகளை வெட்டி அப்புறப்படுத்தி, செடிகளுக்கு இடையே காற்று போக வழி செய்யுங்கள். கொண்டையின் பின்புறம் நனைந்து பழுப்பாகிக் கையில் அமுங்கினால் அழுகல். பெரும்பாலும் காய்ப்புழு கடித்த காயம் வழியாகத்தான் நுழைகிறது. புழுவைக் காலையில் கையால் பொறுக்கிவிட்டாலே பாதி அழுகல் வராது.

மருந்தே இல்லாதது தேமல் கருகல் நோய். இலையில் திட்டுத்திட்டாகக் கருகல், தண்டில் கருங்கோடு, கொண்டை முறுக்கிக்கொள்ளும். 1997-ல் கர்நாடகத்தில் பெரிய அளவில் தாக்கிய வைரஸ் இது. இலைப்பேன் வழியாகப் பரவுகிறது; பார்த்தீனியம் களையில் தங்குகிறது. நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கிப் போடுவதும், சுற்றுவட்டாரப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் ஒழிப்பதும்தான் வழி.

ஆறாம் படி: வெட்டுவதும் பார்ப்பதும்

சாடிக்கு வெட்ட, இதழ்கள் நடுவட்டிலிருந்து பிரிந்து நிமிரத் தொடங்கிய காலை சரியான நேரம். முழுதாக விரிந்தபின் வெட்டினால் இரண்டு மூன்று நாள் ஆயுள் நஷ்டம். வெயில் ஏறும் முன் சாய்வாக வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் போடுங்கள். மேலே ஓரிரண்டு இலை தவிர மற்றதைக் களைந்துவிடுங்கள்; பூவைவிட இலைதான் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு சொட்டு பிளீச்சிங் திரவம். சர்க்கரை மட்டும் போட்டால் தண்ணீர் நுரைத்து நாறும். தினம் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளுக்கொருமுறை தண்டின் அடியை ஓர் அங்குலம் நறுக்கினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும்.

வயலாகப் பார்க்க வேண்டுமென்றால் தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, ஆய்க்குடி. தென்மேற்குப் பருவக்காற்று காலத்தில், ஜூலை, ஆகஸ்டில், குற்றால சீசனோடு சேர்ந்து பூக்கும்; செங்கோட்டை வழியாகக் கேரளத்திலிருந்தும் கூட்டம் வரும். அங்கே மேற்குத்தொடர்ச்சி மலை மேற்கே இருக்கிறது. வயலின் கிழக்கு வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் அத்தனை பூவும் உங்கள் முகத்தைப் பார்க்கும், பின்னால் மலை நிற்கும், காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கமிருந்து பூமேல் விழும். 7 மணியிலிருந்து 9 மணி வரை படமெடுக்க உகந்த நேரம். மேற்குப் பக்கச் சாலையில் வண்டியை நிறுத்தினால் பூக்களின் முதுகு மட்டும்தான் தெரியும். மாலையில் போகிறவர்கள் அதே கிழக்கு வரப்பில் நின்று, வெயில் இதழ்களின் ஊடே ஒளிர்வதை எடுக்கலாம். அது விவசாயியின் விளைச்சல். கேட்டுவிட்டு, வரப்பில் மட்டும் நடங்கள். கொண்டையைக் கிள்ளினால் ஒரு செடியின் மொத்த மகசூலும் போயிற்று, ஏனென்றால் வயல் ரகத்தில் செடிக்கு ஒரே கொண்டைதான்.

ஏழாம் படி: விதை எடுப்பது

மாடியில் தேனீ வரத்து குறைவு. சிறுபூக்கள் திறக்கும் நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள், காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள், ஒரே நேரத்தில் பூத்த இரண்டு கொண்டைகளை முகத்தோடு முகம் மெல்ல உரசுங்கள். ஒரு கொண்டைதான் இருக்கிறது என்றால் மென்துணியால் வட்டமாகத் தடவிவிடுங்கள். பிடிப்பு குறைவாகவே இருக்கும், அதனால் இரண்டு செடியாவது ஒரே நாளில் விதைப்பது நல்லது.

இதழ் உதிர்ந்ததும் கொண்டைக்கு மெல்லிய பருத்தித் துணிப்பை மாட்டுங்கள். பிளாஸ்டிக் கவர் மாட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கிளிகளுக்கென்று ஒரு கொண்டையைத் திறந்தே விட்டால் அவை மற்றதைக் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்று நினைக்க வேண்டாம், அவை எல்லாவற்றையும் தின்னும். மனமிருந்தால் விடுங்கள்.

பூத்து 30 முதல் 40 நாளில் கொண்டையின் பின்புறம் பச்சையிலிருந்து எலுமிச்சை மஞ்சளாகிப் பிறகு பழுப்பாகும். பழுப்பு பாதிக்கு மேல் வந்ததும் ஓர் அடித் தண்டோடு வெட்டி, நிழலில் தலைகீழாக ஒரு வாரம் தொங்கவிடுங்கள். உள்ளங்கையால் தேய்த்தாலே உதிரும். நீரில் போட்டு மிதப்பதைத் தள்ளாதீர்கள். நல்ல விதையும் மிதக்கும், நனைந்தது கெடும். முறத்தில் புடைத்தால் பதர் போய்விடும். இரண்டு நாள் இளவெயிலில் காயவைத்து, சாம்பல் கலந்து, கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். எண்ணெய் விதை என்பதால் ஓராண்டுக்கு மேல் முளைப்பு நன்றாகக் குறையும். கலப்பின ரகத்தின் விதையில் தாய்ச்செடி அப்படியே வராது.

எடுத்த கையோடு விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. புது விதைக்கு ஏறக்குறைய 45 நாள் உறக்கம் இருக்கிறது. ஜனவரியில் விதைத்து ஏப்ரலில் எடுத்த விதை ஜூன் விதைப்புக்குத் தயாராகிவிடும். உலர்ந்த தண்டையும் கொண்டைச் சக்கையையும் அதே தொட்டியில் மூடாக்காகப் போடாதீர்கள், அவற்றிலிருந்து இறங்கும் சாறு அடுத்த நாற்றுகளை மட்டுப்படுத்தும். மூன்று மாதம் உரக்குழியில் மட்கியபிறகு போடலாம். அந்தத் தொட்டியில் இடைப்பயிராக ஒரு தடவை கீரை எடுத்துவிட்டு, அடுத்த சூரியகாந்தியைப் புதுக்கலவையில் விதையுங்கள்.